ஒன்பது என்றால் ஒன்பது

பதிவு 120
பாட நாள் 120. மணி 16:40
காலிஸ்டோ, நாலாங்கிணறு குடியிருப்பு, பாட வீடு

இன்றைய பாடம் முடிந்தது. வந்தவர்கள் பதினொருவர். வராத மூவரும் புதிய சுடுநீர்க் கிணற்றில், துளைபோடும் ரிக்கோடு இருக்கிறார்கள். காற்றழுத்தம் சரி. வெப்பம் பதினேழு. ஒலிப்பதிவு நான்கு மணி நேரம், சேமித்தாயிற்று.

பாடப் பொருள்: வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தல். போன வாரம் என்னிடம் வாங்கிய ஒரு ஜோடி கையுறையை மாணவி தேஸ்கா திருப்பிக் கொடுத்தாள். போகும்போது மூன்று ஜோடி கொண்டுபோனாள். எந்த இடத்தில் கோட்டைவிட்டேன் என்று ஒலிப்பதிவை இரண்டு தடவை கேட்டேன். பிடிபடவில்லை. ஆள் தேறிவிட்டாள்.

பத்து நாளுக்கு ஒருமுறை, என்னைத் தெரியாதவர் படித்தாலும் விளங்கும்படி எழுத வேண்டும் என்று முனைவர் ஹெலன் சற்குணம் விதி வைத்திருக்கிறார். இந்த மொழி ஆய்வு அவருடையது. ஆகவே:

பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்தாறு. படிப்பு எட்டாவது. அந்தியூர்ச் சந்தையில் மாட்டுத் தரகில் ஆரம்பித்தேன். பிறகு ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போர் போட்டேன். அப்புறம் ரிக்குக்குச் சாமான் விற்றேன். இப்போது கப்பலில் சாமான் ஏற்றிக்கொண்டு வியாழன் பக்கம் வருகிறேன். ஆறு மொழி பேசுவேன். ஒன்றுகூடப் பள்ளிக்கூடத்தில் கற்றதில்லை.

நாலாங்கிணற்றில் முந்நூற்று நாற்பது பேர். இவர்களுடைய பாட்டன்மார் பதினொரு நாட்டிலிருந்து வந்தவர்கள். கலந்து பேசிப் பேசி இங்கே ஒரு மொழி உண்டாகியிருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த இயந்திரத்துக்கும் அது தெரியாது. வெளியிலிருந்து வரும் கப்பல்காரர்களில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் இவர்களுக்குத் தமிழ் தேவைப்பட்டது. ஆய்வு நிறுவனம் இரண்டு ஆசிரியர்களை அனுப்பியது. மூன்று வருடத்தில் இவர்கள் படித்தது, "இது புத்தகம்." குடியிருப்பு முழுக்கத் தேடினாலும் ஒரு புத்தகம் கிடையாது.

நான் சாமானோடு வந்து இறங்கினேன். நாலு வாரத்தில் பேசினார்கள். ஹெலன் பார்த்தார். வாத்தியார் வேலை எனக்கு வந்தது. என் முறையில் ரகசியம் ஒன்றுமில்லை. பொருளை நடுவில் வை. விலை சொல்லு. எதிராளி வாய் திறந்தே ஆக வேண்டும். துண்டைப் போட்டு உள்ளே விரல் பிடித்து விலை பேசுவதைக்கூடக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். ஹெலன் அதை மட்டும் நான்கு பக்கம் எழுதினார்.

இரண்டு விதிகள். மொழிபெயர்ப்புக் கருவி கூடாது. மாணவர் மொழியை ஆசிரியர் பேசக் கூடாது. இரண்டாவது விதியை நான் சந்தோஷமாகக் கடைப்பிடிக்கிறேன். பிழைக்கப் போன இடத்தில் எல்லாம் நான்தான் அடுத்தவன் மொழியைக் கற்றேன். இங்கேதான் முதல் தடவையாக அடுத்தவர்கள் எனக்காகக் கற்கிறார்கள். அந்த ருசி விட மாட்டேன் என்கிறது.

இதர குறிப்பு: நேற்று உணவுக்கூடத்தில், காற்றைக் கண்காணிக்கும் காற்றுப்பெட்டி கூவியது. சட்டென்று பேச்சு நின்றது. எல்லோரும் எழுந்து நின்று உதட்டை அசைத்தார்கள். ஏதோ வேண்டுதல் போல. யாரோ வடிகட்டியை மாற்றினார்கள். உட்கார்ந்து மறுபடி சாப்பிட்டார்கள்.

இதர குறிப்பு இரண்டு: மேசையின் ஒரு கால் ஆடியது. முட்டுக் கொடுத்தாயிற்று.


பதிவு 121
பாட நாள் 121. மணி 07:15

பனித்தரை 06:50க்கு நகர்ந்தது. குடியிருப்புக்கும் பாட வீட்டுக்கும் நடுவிலுள்ள சுரங்கவழியில் நாற்பது மீட்டர் இடிந்து அடைத்துவிட்டது. காயம் இல்லை. விண்வெளி உடை சுரங்கவழியின் மறுமுனையில் தொங்குகிறது. உள்ளே காற்று இருக்கும் வழி என்பதால் யாரும் போட்டுக்கொண்டு நடப்பதில்லை.

பாடத்தின்போது அவர்கள் வீட்டு மொழி காதில் விழாமல் இருக்க வேண்டும் என்றுதான் இந்தப் பாட வீட்டை இவ்வளவு தூரத்தில் வைத்தோம். பனிக்கடியில் பழைய சரக்கறை, சுரங்கவழியை விட்டால் வேறு வாசல் கிடையாது. கேமரா கிடையாது, மாணவர்கள் கூச்சப்படக் கூடாதாம். இங்கே எவ்வளவு காற்று இருக்கிறது என்று குடியிருப்புக்குத் தெரிய வழியில்லை.

காற்றுக் குழாய் அறுந்துவிட்டது. சேமிப்புத் தொட்டியில் ஓடுகிறது. ஓர் ஆளுக்கு ஒன்பது நாள். உணவு மூன்று வாரத்துக்கு. தண்ணீர் போதும். ரேடியோ வேலை செய்கிறது. குரல் மட்டும், குடியிருப்பு வரை மட்டும். ஹெலனின் கப்பல் வியாழனுக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது. மூன்று வாரத்துக்கு யாராலும் அவரோடு பேச முடியாது.

காற்றுப்பெட்டி கூவுகிறது. தொண்ணூறு விநாடிக்கு ஒரு தடவை. மிச்சமுள்ள நாள் ஒன்றுக்குப் பத்து விநாடி இடைவெளி என்று மூடியில் எழுதியிருக்கிறது. சத்தம் சிறியதுதான். பல்லில் போய்க் குத்துகிறது.


பதிவு 121, தொடர்ச்சி
மணி 09:30

அழைப்பதற்கு முன்னால் துண்டை எடுத்துக் காற்றுப்பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. சந்தையில் நம் அவசரம் எதிராளிக்குத் தெரிந்தால் அன்றைக்கு வியாபாரம் போயிற்று.

பேசியது தேஸ்கா. நாற்பது வயது. கிணற்று வேலைக்கு அவள்தான் தலைமை. என்னிடம் படித்தவர்களில் முதல் ஆள். நான் பேசுகிற தமிழைத்தான் பேசுவாள். ஈரோட்டில் இறக்கிவிட்டால் யாரும் வேற்று ஆள் என்று சொல்ல மாட்டார்கள்.

நிலவரத்தைச் சொன்னாள். இடிந்த பனியை வெட்ட ரிக்கால்தான் முடியும். ரிக் புதுக் கிணற்றில் இறங்கி நிற்கிறது. சுடுநீர் எட்ட இன்னும் பதினாலு நாள். நடுவில் ரிக்கை எடுத்தால் துளை உறைந்து மூடிக்கொள்ளும். அரை வருட வேலை வீண். பழைய கிணற்றில் சூடு குறைந்துகொண்டே வருகிறது. எடுத்தால் அரை வருடம் முந்நூற்று நாற்பது பேரும் குளிரில் கிடக்க வேண்டும். ரிக்கைக் கழற்றிக் கொண்டுவந்து என்னிடம் வந்து சேர மூன்று நாள் வேலை.

அவள் இடத்தில் நான் இருந்தாலும் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"எத்தன நாளைக்குக் காத்து இருக்குதுங்ணா?"

"ஒம்பது."

சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு. "பதினெட்டு," என்றாள்.

"தேஸ்கா, ஒம்பதுதான்."

"சரி, உங்களுக்காகப் பதினாறு."

"இது பேரமில்ல தேஸ்கா. நெசம்."

"நாப்பத்தொண்ணாம் பாடம்," என்றாள். பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

நாற்பத்தோராம் பாடம்: "இது பேரமில்லை" என்று சொல்லிப் பேரத்தை முடிப்பது எப்படி.

கடைசியில் அவளாகப் பதினாலுக்கு இறங்கினாள். "பதினாலுன்னா கெணறும் முடிஞ்சுரும், நீங்களும் வெளிய வந்துருவீங்க. ரெண்டு பக்கமும் நட்டமில்லீங்களே."

நான் ஒன்பதிலேயே நின்றேன். முதலில் சொன்ன விலையிலேயே நிற்கிறவன் வியாபாரி இல்லை என்று நான்தான் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகப்படுத்தினாள். யோசித்துவிட்டு நாளைக்குப் பேசலாம் என்றாள்.


பதிவு 122
பாட நாள் 122. மணி 10:05
காற்று: எட்டு நாள்.

மேசைக் காலடியில் முட்டுக் கொடுத்திருந்த தாள்களை எடுத்தேன். ஹெலனின் இடைக்கால அறிக்கை, கூடவே அவர் எழுதிக் கொடுத்த பத்துப் பாடங்கள்.

அறிக்கையில் ஒரு பத்தி. மாணவர்களின் சரளம் வியக்கத்தக்கது. ஆனால் இவர்கள் தமிழில் கேட்ட ஒவ்வோர் எண்ணும் பேரத்தின் முதல் விலைதான். ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், அது அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான் என்கிற பேச்சு ஒன்றைக்கூட இவர்கள் இந்த மொழியில் கேட்டதில்லை. மொழியோடு கூடவே அதைப் பேசுகிற முறையும் போய்ச் சேர்கிறது. உடனே சரிசெய்ய வேண்டும்.

பத்துப் பாடங்களும் அதற்காகத்தான். தண்ணீர் கசிகிறது. எனக்குக் காய்ச்சல். விளக்கு எரியவில்லை. கீழே விழுந்துவிட்டேன். இப்படி. முதல் தாளின் ஓரத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: "சந்தைக்கு ஆகாது."

மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் இருபது பெட்டி கீரை விதையைக் கப்பலில் வரவழைத்தேன். மூன்று நாளில் விதைக்காவிட்டால் செத்துப்போகும் என்று தேஸ்காவிடம் சொன்னேன். மகள் வெண்ணிலா மேல் சத்தியம் செய்தேன். அவசரத்தில் கேட்டதையெல்லாம் கொடுத்து எடுத்துக்கொண்டாள். ஒரு பெட்டியை மட்டும் வேண்டுமென்றே இருபத்தைந்து நாள் ஒதுக்கி வைத்து, அப்புறம் விதைத்தாள். தளதளவென்று வந்தது. ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். அவளுக்குக் கோபமே இல்லை. நல்ல பாடம் என்று நன்றி சொன்னாள்.

இன்றும் பேசினாள். பதின்மூன்றரை என்றாள்.


பதிவு 123
பாட நாள் 123. மணி 11:20
காற்று: ஏழு நாள்.

ஹெலனின் பாடத்தை ரேடியோவிலேயே நடத்துவது என்று தீர்மானித்தேன். மொழி தெரிந்த ஆளுக்கு முறையை மட்டும் மாற்றிக் கற்றுக்கொடுப்பது முடியாத காரியமா என்ன.

இன்றைக்குப் புதுப் பாடம் என்றேன். மாணவர்களைக் கூட்டினாள். "எனக்குக் காய்ச்சல்" என்று நான் சொன்னேன். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். "தண்ணீர் கசிகிறது." சொன்னார்கள். இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது, இது விலை கிடையாது, ஒருவன் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அமைதியாகக் கேட்டார்கள். அந்த அமைதியில் எனக்கு நம்பிக்கை வந்தது.

தேஸ்கா கேட்டாள். "இதுக்கு எதிர் வெல என்ன சொல்றதுங்ணா?"

எதிர் விலை கிடையாது என்றேன்.

அவள் தன் ஆட்களிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். எல்லோரும் "ஓ" என்றார்கள். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. நூற்றிருபத்து மூன்று நாள் இவர்கள் நடுவில் இருந்திருக்கிறேன். ஏழு என்பதற்கு இவர்களிடம் என்ன சொல் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

திரும்பத் தமிழுக்கு வந்து, நெம்ப உசந்த பாடம், நாளைக்கும் நடத்துங்க என்றாள்.


பதிவு 124
பாட நாள் 124. மணி 14:50
காற்று: ஆறு நாள்.

கெஞ்சினேன். பதினெட்டாம் பாடம் என்றார்கள்.

கோபப்பட்டேன். இருபத்தேழு.

வெண்ணிலா மேல் சத்தியம் செய்தேன். யாரும் பாட எண் சொல்லவில்லை. ஒரு பெண் குரல் மட்டும், "கீரை," என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வாய் தானாகச் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பு என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அழுதேன். அது பாடத்தில் இல்லை. ஆனால் அழுகையைக் கேட்ட பிறகு தேஸ்காவின் குரல் மாறியது. மரியாதை வந்தது. புதுசாக ஒன்றை நான் கற்றுக் கொடுப்பதாக எடுத்துக்கொண்டாள்.

ஒரு மனுஷன் உண்மையைச் சொல்ல இந்த மொழியில் எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையையும் நான் எடுத்து வியாபாரத்துக்கு விட்டிருக்கிறேன். மிச்சம் ஒன்றும் வைக்கவில்லை.

ஏமாற்றி வழிக்குக் கொண்டுவரவும் பார்த்தேன். "ஒம்பது இல்ல தேஸ்கா, மூணுதான்," என்றேன். நான் மூன்றில் ஆரம்பித்திருந்தால் அவள் மேலே ஏறி ஏழு, எட்டு என்று வந்து நின்றிருப்பாள்; ரிக்கும் கிளம்பியிருக்கும். முதல் நாளே உண்மையைச் சொன்னதுதான் நான் செய்த பிழை. முப்பது வருட வியாபாரத்தில் முதல் விலையாக உண்மையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவள் வருத்தமாகச் சொன்னாள்: "பின்னால போறீங்களேங்ணா. பேச்சுல பின்னால போறவங்கள என்ன பண்ணச் சொன்னீங்க?"

நான் சொல்லிக் கொடுத்தது: துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடு. மூன்று நாள் பேசாதே. கூப்பிட்டால் திரும்பாதே. சரக்கு தானாக உன் வழிக்கு வரும்.

"அப்ப நான் கெளம்பறனுங்க," என்றாள்.


பதிவு 125
பாட நாள் 125. மணி 12:00
காற்று: ஐந்து நாள்.

பன்னிரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. ரேடியோவில் மெல்லிய இரைச்சல் இருக்கிறது. அந்தப் பக்கம் அணைத்து வைக்கவில்லை.

சுவரில் காதை வைத்தால் ரிக் ஓடுவது லேசாகக் கேட்கிறது. கிணற்றில். கீழே, இன்னும் கீழே. நல்ல ஆட்கள். வேலையை நிறுத்துவதே இல்லை.


பதிவு 126
பாட நாள் 126. மணி 09:10
காற்று: நான்கு நாள்.

தலைவலி. அறை பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி. மாணவர்களுக்குப் பதினாலு நாற்காலி. தேஸ்காவின் நாற்காலியில் உட்கார்ந்து என் நாற்காலியைப் பார்த்தேன். இங்கேயிருந்து பார்த்தால் என்னை எப்படித் தெரியும் என்று யோசித்தேன். தினமும் ஒருவன் வந்து நிற்கிறான். வாயைத் திறந்தால் ஒரு விலை.

கூப்பிடவில்லை. நாமாகக் கூப்பிட்டால் விலை இறங்கும் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். எழுதிவைக்க வெட்கமாக இருக்கிறது.


பதிவு 127
பாட நாள் 127. மணி 15:30
காற்று: மூன்று நாள்.

மூன்று நாள் வேலை என்றாள். இன்றைக்கு ரிக் கிளம்பினால் சரியாக வரும். கிளம்பவில்லை. சுவரில் சத்தம் அதே இடத்திலிருந்து வருகிறது.

கூப்பிட்டேன். ஐம்பது தடவைக்கு மேல். ஒன்பது, ஒன்பது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்பது என்றைக்கோ போய்விட்டது. இப்போது மூன்று.


பதிவு 128
பாட நாள் 128. மணி 10:45
காற்று: இரண்டு நாள்.

அந்தியூரில் என் முதல் முதலாளி செங்கோடக் கவுண்டர் எதற்கும் வாயை நம்ப மாட்டார். மாட்டுக்காரன் நாலு வயசு என்பான், தாய் மேல் ஆணை என்பான். இவர் காதில் வாங்காமல் மாட்டின் உதட்டைத் தூக்கிப் பல்லை எண்ணுவார். பல் எத்தனையோ அதுதான் வயசு.

பல்லைக் காட்டாமல் எட்டு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உணவுக்கூடத்தில் பெட்டி கூவியபோது எல்லோரும் எழுந்து உதட்டை அசைத்தார்களே. அது வேண்டுதல் இல்லை. எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூவலுக்கும் அடுத்த கூவலுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று. இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் நடக்கத் தெரியுமுன் அது தெரிந்திருக்கும். அதே பெட்டிதான் என் தலைக்கு மேலும் இருக்கிறது. எட்டு நாளாகக் கத்துகிறது.

நான்தான் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அவிழ்க்கிறேன். முடிச்சு இறுகியிருக்கிறது. பல்லால் கடித்து இழுக்கிறேன்.


பதிவு 128, தொடர்ச்சி
மணி 11:20

ரேடியோவைப் பெட்டிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒன்றும் பேசவில்லை. ஒரு கூவல். இருபது விநாடி. இன்னொரு கூவல். இருபது விநாடி. மூன்றாவது.

தேஸ்கா ரேடியோ பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறாள். நான்கு நாளாக.

அவள் தன் மொழியில் ஒரு சொல் சொன்னாள். ஒரே சொல். எண்ணாக இருக்க வேண்டும். பின்னால் இருந்தவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அப்புறம் நாற்காலிகள் விழும் சத்தம், ஓடும் சத்தம்.

"எத்தன நாளா கத்துதுங்ணா இது?"

"மொதல் நாள்ல இருந்து."

"எங்களுக்கு ஏன் கேக்கல?"

துண்டு போட்டு மூடியதைச் சொன்னேன். நீண்ட நேரம் பேச்சே இல்லை. பேரத்தில் வரும் அமைதி இல்லை இது. எனக்கு வித்தியாசம் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

"நீங்கதானுங்ணா சொல்லிக் குடுத்தீங்க," என்றாள். "மூடி வெச்ச சரக்க நம்பாதேன்னு."


பதிவு 128, தொடர்ச்சி
மணி 13:05

சுவரில் காதை வைத்தேன். ரிக் நின்றுவிட்டது. எட்டு நாளில் முதல் தடவையாகச் சுவர் ஊமையாக இருக்கிறது. கழற்றுகிறார்கள். துளை உறைய ஆரம்பித்திருக்கும்.

கணக்குப் பார்த்தேன். அவர்களுக்கு மூன்று நாள் வேலை. எனக்கு இரண்டு நாள் காற்று. அசையாமல் படுத்தால் இரண்டரை வரை இழுக்கலாம். அதற்கு மேல் எப்படிப் பார்த்தாலும் வரவில்லை. நான் செத்தும் போவேன், அவர்கள் கிணறும் போகும்.

அவளைக் கூப்பிட்டு, ரிக்கைக் கழற்றாதே, கிணற்றை முடி, என்றேன். மனசார. என் ஆயுளில் இப்படி ஒரு பேச்சு பேசியதில்லை.

அதையும் அவள் நம்பவில்லை.

"படுத்துக்குங்க," என்றாள். "பேசாதீங்க, எழுதாதீங்க. ரெண்டு நாள்ல வந்துருவமுங்க."


பதிவு 129
பாட நாள் 129. மணி 14:00
கூவல்: பத்து விநாடி.

படுத்திருக்கிறேன். சத்தம் வருகிறது. சுரங்கவழிப் பக்கமிருந்து. நிஜமாகவே வருகிறது.

மணிக்கு ஒரு தடவை தேஸ்கா ரேடியோவில் எண் சொல்கிறாள். இன்னும் எத்தனை மீட்டர் என்று. முப்பத்தொன்று. இருபத்தெட்டு. இருபத்து நான்கு. தமிழில் சொல்கிறாள். நடுவில் ஒரு தடவை அவர்கள் எண்ணைச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டாள். ஒன்றிலிருந்து பத்து வரை சொன்னாள். திருப்பிச் சொல்ல மூச்சு இல்லை. மனசுக்குள் சொன்னேன். நாலு வரை நிற்கிறது.

இரண்டு நாள் என்றாள். முதல் நாள் மூன்று என்றாள்.

அந்த மூன்று, ஏற்றிச் சொன்ன மூன்றா? அப்படியானால் இரண்டு சரி. நான் பிழைப்பேன்.

இந்த இரண்டு, நோயாளியைத் தேற்ற இறக்கிச் சொன்ன இரண்டா? அப்படியானால் மூன்றுதான்.

முப்பத்தொன்று முப்பத்தொன்றுதானா?

என்னிடம் படித்தவள். ஒரு எண்ணைக் கேட்டால் அதற்குப் பின்னால் எந்த எண் இருக்கிறது என்றுதான் என் தலை பார்க்கிறது. வேறு மாதிரி கேட்க எனக்குத் தெரியாது.


பதிவு 130
பாட நாள் 130. மணி 08:
கூவல் எண்ண முடியவில்லை. ஒன்றோடு ஒன்று

பாசிபிடித்த மாதிரி எழுத்து. மன்னிக்கவும்

ஹெலனுக்கு: பத்துப் பாடத்தையும் முதலில் நடத்தவும். சந்தைக்கு ஆகும்

துண்டு கையில் இருக்கிறது. துண்டுக்குள் என் கையை நானே பிடித்துப் பார்த்தேன். அவள் கை இருந்தால் தெரிந்துவிடும். விரலைப் பிடித்து அழுத்தினால் முடிந்தது, அப்புறம் யாரும் மாற்ற முடியாது. ரேடியோவில் விரல் வராது

சத்தம் கிட்டத்தில். கிட்டத்தில் மாதிரி

கேட்டேன். எத்தனை மீட்டர். நெசமாகச் சொல்

நாலு, என்றாள். முதலில் தமிழில். அப்புறம் அவள் மொழியில். நாலுக்கு அவர்கள் சொல் எனக்குத் தெரியும். அதேதான் சொன்னாள்

அவள் குரல் உடைந்திருந்தது. அதுவும் என்னிடம் கற்றதாக இருக்கலாம்

நெசமாவா தேஸ்கா என்று கேட்டேன்

"இது பேரமில்லீங்ணா," என்றாள்

நாற்பத்தோராம்